கற்பனை உலகங்களின் கீழ்த்தளம்

(வெள்ளி விழா நூலரங்கில் வாசகர் வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

அண்மையில் நாங்கள் கூடிப் படித்த நூல்களைப் பற்றி எங்கள் கருத்தை இம்மேடையில் எடுத்துரைக்க வேண்டும் என்று விழாக்குழுவினர் பணித்தார்கள். கடந்த ஓராண்டாக ஞாயிறுதோறும் மாலையில் சங்க நூலகத்தில் அமர்ந்து படித்து வருகிறோம். ஆங்கிலம் நன்கறிந்தவர் ஒரு பகுதியைப் படித்துத் தமிழில் எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக் கேள்வி எழுப்புவது எங்கள் முறை. படித்தவற்றுள் பல விஞ்ஞானக் கதைகள். ஒன்றிரண்டு மாயக் கற்பனைக் கதைகள். ஒன்று மட்டும் கதையன்று, நடந்த வரலாறு.

தேர்வாணையத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய பிள்ளைகள் இத்தகைய கதைகளில் பொழுதைப் போக்கலாமா என்று மூத்தவர் ஒருவர் எங்களைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் மறுமொழி இது: விஞ்ஞானக் கதை எழுதுவோர் ஓர் உலகத்தையே புதிதாகப் படைக்கின்றனர். எதை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வளவு உரிமை பெற்ற பின்னரும் அவர்கள் எதை மாற்றாமல் விடுகின்றனர் என்று பார்த்தால், மனித உள்ளத்தில் எது ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கிவிடும். ஆதலால் ஒவ்வொரு நூலையும் எடுக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டோம். அந்த உலகத்தில் குப்பை வாருபவர் யார், சாக்கடை அள்ளுபவர் யார், அவருக்குக் கதையில் ஒரு பெயராவது உண்டா?

எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட 'டைம் மெஷின்' என்னும் காலப்பொறிக் கதையிலிருந்து தொடங்கினோம். காலத்தைக் கடக்கும் பொறி ஒன்றில் ஏறி ஒருவன் 8,02,701ஆம் ஆண்டுக்குச் செல்கிறான். அங்கே மண்ணுக்கு மேலே எலாய் என்னும் மெல்லியலார், வேலை இன்னதென்று அறியாமல் பழம் உண்டு வாழ்கின்றனர். மண்ணுக்குக் கீழே இருளில் மார்லாக்குகள் பொறிகளை இயக்குகின்றனர். மேலே இருப்போர் பழைய முதலாளிகளின் வழித்தோன்றல்கள், கீழே இருப்போர் பழைய தொழிலாளிகளின் வழித்தோன்றல்கள் என்று பயணி ஊகிக்கிறான். வெல்சின் தாயார் அப்பார்க் என்னும் பெருமாளிகையில் வீட்டுப் பணியாளர்க்குத் தலைவியாக ஊழியம் செய்தவர். அம்மாளிகையில் பணியாளர் நடமாட நிலத்தடி வழிகள் இருந்தன. இத்தனையும் அறிந்த ஆசிரியர், தம் பயணியை மேலே இருப்போர் பக்கமே நிறுத்திவிட்டார். எலாய்ப் பெண் ஒருத்திக்கு வீனா என்று பெயர் உண்டு. மார்லாக்குகளுள் ஒருவருக்கும் பெயர் இல்லை. இரும்புக் கோலால் அவர்களின் மண்டையை உடைக்கத் துடிக்கிறான் பயணி. கதையின் ஓட்டம் சிறப்பானது, ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். ஆனால் கீழே இருந்தவன் எழுதியிருந்தால் இக்கதை எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடுதான் நூலை மூடினோம்.

எங்களை உலுக்கிய நூல் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வொர்ல்டு'. வருங்கால உலகில் குழந்தைகள் தாயின் வயிற்றில் பிறப்பதில்லை, குப்பிகளில் வளர்க்கப்படுகின்றனர். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து படிகள். இப்படிகளை ஆசிரியர் சாதி என்ற சொல்லாலேயே குறிக்கிறார். எந்தச் சாதிக்குக் குழந்தை தேவையோ அதற்கேற்பக் குப்பிக்குள் செல்லும் பிராணவாயுவின் அளவு குறைக்கப்படுகிறது. சாதி தாழத் தாழ வாயுவும் குறையும். முதலில் பழுதுபடுவது மூளை. பிறப்பினால் அறிவு குறைந்தவர் என்று சொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். குறைவை முதலில் உண்டாக்கிவிட்டுப் பிறகு அதையே காரணமாகக் காட்டும் தந்திரத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய வேறு கதையை நாங்கள் கண்டதில்லை.

இந்நூலில் ஒரு காட்சி வருகிறது. எட்டு மாதமே ஆன டெல்டாக் குழந்தைகளைத் தரையில் விடுகின்றனர். எதிரே ரோஜா மலர்க் கிண்ணங்களும் வண்ணப்படம் நிறைந்த புத்தகங்களும் விரித்து வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் மகிழ்ச்சியோடு தவழ்ந்து சென்று தொடுகின்றன. உடனே வெடியோசை, அபாயச் சங்கு, அதன்பின் தரையில் மின்சாரம். குழந்தைகள் அலறித் துடிக்கின்றன. இதே பாடம் இருநூறு முறை. அதன்பின் வாழ்நாள் முழுவதும் புத்தகத்தைக் கண்டாலே அவர்கள் அஞ்சி விலகுவர். கீழ்ச்சாதியார் படிப்பில் பொழுதைக் கழிப்பது சமுதாயத்துக்கு நட்டம், அன்றியும் அவர்கள் படிக்கக் கூடாததைப் படித்துவிட்டால் பழக்கிய பழக்கம் கலைந்துவிடும் என்று விடுதியின் இயக்குநர் மாணவர்க்கு விளக்குகிறார். இப்பகுதியை வாசித்து முடித்தபோது எங்கள் வட்டத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. நம் பாட்டன்மார்க்கு மின்சாரம் பாய்ச்சவில்லை என்பது உண்மை. பள்ளித் திண்ணைக்கு வெளியே நிறுத்தியதும் பிரம்பும் வசைச்சொல்லும் அதே வேலையைச் செய்தன. ஹக்ஸ்லி இதை வருங்காலக் கற்பனையாக எழுதினார். நம்முடைய மூத்தோர் சிலர் இதைத் தம் பள்ளி நாளாகக் கேட்டார்கள்.

ஆயினும் இந்நூலின்மீது எங்களுக்குக் குறை உண்டு. இவ்வுலகை எண்ணி வருந்தும் உரிமை ஆல்பாக்களுக்கும் வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கும் மட்டுமே தரப்பட்டுள்ளது. மின்தூக்கியை இயக்கும் எப்சிலான் ஒருவன் வருகிறான். மேல்மாடியை அடைந்ததும் வெயிலைக் கண்டு கண் கூசி, மெய்மறந்து மாடி, மாடி என்று முணுமுணுக்கிறான். மறுகணம் மணி ஒலிக்கிறது, கீழே போ என்று கட்டளை வருகிறது, மீண்டும் இருட்டுக்குள் இறங்குகிறான். ஆசிரியர் இதை நகைச்சுவையாகக் கடந்து போகிறார். எங்களுக்கு இந்நூல் முழுவதிலும் நெஞ்சை அறுத்த இடம் இதுவே. அவன் வெயிலை விரும்பினான். எத்தனை பழக்கினாலும் அந்த விருப்பம் சாகவில்லை. ஆசிரியரோ அவனைப் பின்தொடர்ந்து செல்லவில்லை.

இன்னொன்று. ஆட்சியாளன் ஒருவன் சைப்ரஸ் தீவில் நடந்த சோதனையைக் கூறுகிறான். 22,000 ஆல்பாக்களை மட்டும் அங்கே குடியேற்றினார்களாம். கீழ்வேலை செய்ய எவரும் இசையாமல் உள்நாட்டுப் போர் மூண்டு 19,000 பேர் மாண்டார்களாம். ஆகவே கீழ்ச்சாதி இன்றியமையாதது என்பது வாதம். கதையில் இதற்கு வலுவான மறுப்பு இல்லை. மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஹக்ஸ்லியின் நூல் வெளிவந்த நான்காண்டுகளில், 1936இல், அண்ணல் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்கென ஓர் உரையை ஆயத்தம் செய்தார். அழைத்தவர்களே அஞ்சி மாநாட்டைக் கைவிட்டதால் அவ்வுரை பேசப்படாமல் அச்சேறி, 'சாதி ஒழிப்பு' என்ற நூலாயிற்று. சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதன்று, வேலை செய்பவர்களையே ஒருவருக்கு ஒருவர் மேல்கீழாகப் பிரிப்பது என்று அதில் அவர் விளக்குகிறார். சைப்ரஸ் வாதத்தையும் இந்த விளக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இடையில் இளைப்பாறலாகப் படித்தது வங்கத்துப் பெண்மணி ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' என்னும் ஆங்கில இதழில் அச்சானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சமைக்க, பெண்கள் ஆய்வுக்கூடம் நடத்திக் கதிரவன் வெப்பத்தைச் சேமிக்கும் நாடு அது. எங்கள் வட்டத்துச் சகோதரிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சகோதரர்கள் சற்றுக் குறைவாகச் சிரித்தார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ் விஞ்ஞானக் கதையும் எழுதியுள்ளார் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. 1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டு மடல் எழுதியது இவருக்குத்தான். டு பாய்சும் பரிவோடு மறுமொழி எழுதினார். அவர் 1920இல் வெளியிட்ட 'வால்மீன்' என்னும் சிறுகதையில், நியூயார்க் நகரத்து வங்கி ஒன்றில் ஜிம் என்னும் கறுப்பினப் பணியாள் இருக்கிறான். நிலவறையின் அடித்தளத்தில் பழைய ஏடுகளை எடுக்க வேண்டும். மதிப்புள்ள ஆட்களை அனுப்ப அஞ்சி இவனை அனுப்புகின்றனர். அந்நேரம் வால்மீனின் நச்சுவாயு நகரத்தையே கொன்றுவிடுகிறது. கீழே இறக்கப்பட்டவன் மட்டும் பிழைக்கிறான். நேற்றுவரை தனக்கு உணவு மறுத்திருக்கக்கூடிய உணவகத்தில் தானே எடுத்து உண்கிறான். பிழைத்த வெள்ளைப் பெண் ஒருத்தியைச் சந்திக்கிறான். உலகில் எஞ்சியவர் நாம் இருவரே என்று எண்ணும் அந்தச் சில மணிநேரம் இருவரும் மனிதர்களாக ஒருவரையொருவர் காண்கின்றனர். பின்னர் ஊருக்கு வெளியே இருந்து அவளுடைய தந்தை வந்து சேர்கிறார். அழிந்தது நகரம் மட்டுமே, உலகம் அப்படியே இருக்கிறது. நிறவெறியும் அப்படியே இருக்கிறது. ஜிம்மின் கையில் சிறிது பணம் திணிக்கப்படுகிறது. அவன் மனைவி இறந்த குழந்தையோடு வந்து நிற்கிறாள். சில பக்கங்களே கொண்ட கதை. உலகம் அழிந்தாலன்றி ஒரு மேசையில் உணவில்லை என்ற நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

மாயக் கதைகளில் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி' எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வெண்கலக் கொல்லரின் மகன், தாயை இழந்தவன், ஆடு மேய்த்தவன் கெட். அவன் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற தோழன் கறுப்பு நிறத்தவன். ஆசிரியர் இதை எண்ணித்தான் அமைத்தார். ஆயினும் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தனர். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்களும் வெள்ளை நடிகரையே போட்டனர், லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். வித்தை கற்பிக்கும் பள்ளியில் கெட் சேர்ந்ததும், பிரபு வீட்டு மாணவன் ஜாஸ்பர் அவனை ஆட்டிடையன் என்று குத்திக் காட்டுகிறான். சினம் மூண்ட கெட், தன் ஆற்றலைக் காட்டுவதற்காகச் செய்யக் கூடாத மந்திரத்தைச் செய்து கொடிய நிழல் ஒன்றை உலகிற்குள் வரவழைத்துவிடுகிறான். முதுபெரும் ஆசான் உயிர் துறக்கிறார். கெட் வடுப்பட்ட முகத்தோடு நிழலுக்கு அஞ்சி ஓடி, இறுதியில் திரும்பி நின்று அதையே துரத்துகிறான்.

இங்கே எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. கல்லூரியிலும் விடுதியிலும் இழிசொல் கேட்ட பிள்ளைகள் எங்களோடு அமர்ந்திருந்தார்கள். இழிசொல் சொன்னவன் பட்டம் பெறாமல் வெளியேறினான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, கேட்டவன் தலையில் முழுப் பழியையும் ஏற்றுவது என்ன நீதி என்று அவர்கள் கேட்டார்கள். மற்றொரு சாரார், நம்மை இகழ்ந்தவனுக்குக் காட்டுவதற்காகவே நாம் செய்யும் செயல் நம்மையே வேட்டையாடும் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பிறர் எவரும் இவ்வளவு அன்போடு சொல்லவில்லை என்றார்கள். இரவு ஒன்பது மணி வரை வாதம் நீண்டது, முடிவு காணவில்லை. அப்பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்பதைச் சகோதரிகள் சுட்டிக்காட்டினார்கள். ஆசிரியரே பிற்காலத்தில் இக்குறையை உணர்ந்து 1990இல் 'தெஹானு' என்னும் தொடர்நூல் எழுதினார்.

அடுத்து நாங்கள் கூற விரும்புவது, இளைஞர்கள் எல்லாரும் படித்தே ஆக வேண்டும் என்று நாங்கள் கருதும் நூல். ஆக்டேவியா பட்லர் 1979இல் வெளியிட்ட 'கிண்ட்ரெட்' என்னும் நாவல். தமிழில் 'உறவின்முறை' என்று சொல்லலாம். 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்னும் கறுப்பினப் பெண், தன் இருபத்தாறாம் பிறந்தநாளில் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரிலாந்து மாநிலத்து அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். பண்ணை முதலாளியின் மகன் ரூஃபஸ் உயிருக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் அவனைக் காக்க இவள் அங்கே போக வேண்டியிருக்கிறது. காரணம், அவன் இவளுடைய முன்னோன். அவன் இறந்தால் இவள் குலமே பிறக்காது. எப்படிப் போகிறாள் என்பதற்கு ஆசிரியர் விஞ்ஞான விளக்கம் எதுவும் தரவில்லை. அங்கே அடிமைச் சிறுவனுக்கு எழுத்தறிவிக்க முனைகிறாள். அகப்பட்டுக்கொண்டு சவுக்கடி படுகிறாள். அமெரிக்கா விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடும் 1976 ஜூலை 4ஆம் நாள் அவளுடைய கடைசிப் பயணம் முடிகிறது. ஒரு கையை இழந்து திரும்புகிறாள்.

இந்நூலில் டேனாவைக் காட்டிலும் எங்கள் உள்ளத்தில் நின்றவள் சமையற்காரி சேரா. அவளுடைய மக்களுள் மூவரை முதலாளி விற்றுவிட்டான். எஞ்சியவள் வாய்பேச இயலாத மகள் ஒருத்தி. அந்த ஒருத்தியையும் விற்றுவிடுவான் என்ற அச்சத்தால் சேரா எதற்கும் தலையசைத்துப் பணிந்து நடக்கிறாள். இருபதாம் நூற்றாண்டிலிருந்து சென்ற டேனா முதலில் அவளை அடிமைப் புத்தி படைத்தவள் என்று எண்ணுகிறாள். தன் முதுகில் சவுக்கு விழுந்த பிறகுதான் அந்தப் பணிவின் விலை என்னவென்று புரிகிறது.

இக்கதை எப்படிப் பிறந்தது என்று பட்லர் கூறியிருக்கிறார். கல்லூரி நாளில் கறுப்பின இளைஞன் ஒருவன், நம் முன்னோர் பணிந்து கிடந்ததால்தான் நாம் இந்நிலையில் இருக்கிறோம் என்று அவர்களைப் பழித்துப் பேசினான். பட்லரின் தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். பின்வாசல் வழியாக நுழைந்து, இகழ்ச்சியைக் கேட்டும் கேளாதவர் போல் நடந்துகொண்டவர். சிறுமியாக இருந்தபோது அதைக் கண்டு நாணிய பட்லர், தாய் அவ்வாறு பொறுத்ததால்தான் தன் தட்டில் சோறு விழுந்தது என்று பின்னர் அறிந்தார். பாத்திரம் கழுவுவது உட்படச் சிறு வேலைகள் பல செய்துகொண்டு, விடியலுக்கு முன்னெழுந்து எழுதியவர் அவர். 1995இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். விஞ்ஞானக் கதை எழுத்தாளர்களுள் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 2006இல் மறைந்தார்.

இளைஞர்களே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த பாட்டனாரைப் பற்றி நம்முள்ளும் கேலிப்பேச்சு எழுவதுண்டு. ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று நாம் கேட்கிறோம். எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர் வீட்டுக் கூரைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நம் சேரிகள் அறியும். குனிந்தவர் எதற்காகக் குனிந்தார் என்று கேட்டறிய வேண்டியவர்கள் இதோ இவ்வரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இச்சங்கத்தின் முதற்கட்டடத்துக்கு மண் சுமந்தவர்கள் அவர்கள். டேனாவைப் போல் காலத்தைக் கடந்து செல்லும் தேவை நமக்கு இல்லை. அருகே சென்று அமர்ந்தால் போதும்.

இறுதியாக உண்மை வரலாறு. மார்கோ லீ ஷெட்டர்லி 2016இல் வெளியிட்ட 'ஹிடன் ஃபிகர்ஸ்'. மறைந்திருந்த மனிதர்கள் என்றும் மறைந்திருந்த எண்கள் என்றும் இருபொருள்படும் தலைப்பு. கம்ப்யூட்டர் என்ற சொல் முன்பு பொறியைக் குறிக்கவில்லை, கணக்கிடும் மனிதரைக் குறித்தது. இரண்டாம் உலகப் போரின்போது வர்ஜீனியா மாநிலத்து லாங்லி விமான ஆய்வுக்கூடத்துக்குக் கணக்கர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளர் தலைவர் ராண்டால்ஃபின் நெருக்குதலால் 1941இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் போர்த்தொழில்களில் நிறவேற்றுமை கூடாது என்று ஆணையிட்டிருந்தார். அந்த ஆணையும் போரின் தேவையும் சேர்ந்தே கறுப்பினப் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. திறமை மட்டும் திறந்திருக்குமாயின் கதவு முன்பே திறந்திருக்க வேண்டும் அல்லவா? இட ஒதுக்கீட்டைப் பழிப்போர்க்கு விடையளிக்க விரும்பும் இளைஞர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும்.

கதவு திறந்த பின்னும் உணவுக்கூடத்தில் தனி மேசை இருந்தது. அதன்மேல் கறுப்பினக் கணக்கர்க்கு என்ற பலகை இருந்தது. மிரியம் மான் என்னும் கணக்கர் அப்பலகையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். புதுப்பலகை வரும், அதையும் எடுத்துவிடுவார். இறுதியில் பலகை வைப்பவர்கள்தாம் ஓய்ந்தார்கள். இந்நூலைத் தழுவிய திரைப்படத்தில் வெள்ளை மேலதிகாரி ஒருவர் சம்மட்டியால் கழிவறைப் பலகையை உடைப்பதாகக் காட்டியுள்ளனர். நூலில் அப்படி ஒன்று இல்லை. கேத்தரின் ஜான்சன் தாமாகவே பொதுக் கழிவறைக்குள் சென்று வந்தார், அவ்வளவுதான். சம்மட்டியை வேறொருவர் கையில் கொடுத்த திரைப்படத்தைவிடக் கைப்பையைக் காட்டும் நூலே எங்களுக்குப் பெரிதாகப்பட்டது.

மேரி ஜாக்சன் பொறியாளர் ஆவதற்குரிய வகுப்புகள் வெள்ளையர்க்கு மட்டுமான உயர்நிலைப் பள்ளியில் நடந்தன. உள்ளே நுழைய நகரத்தாரிடம் அனுமதி கேட்டுப் பெற்றார். நுழைந்து பார்த்தால் அது பாழடைந்த பழங்கட்டடம். இதற்குத்தானா இத்தனை காவல் என்று வியந்தார். 1958இல் பொறியாளர் ஆனார். டோரதி வாகன் லாங்லிக்கு வருமுன் ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். அப்பள்ளியில்தான் 1951இல் பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ், ஒழுகும் கொட்டகை வகுப்புகளை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தினார். அவ்வழக்கும் சேர்ந்தே 1954இன் பெருந்தீர்ப்பாயிற்று. சேர்ந்து படிக்க விடுவதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று அம்மாவட்டத்தார் 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. 1964 வரை ஐந்தாண்டுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே அரசுப் பள்ளி இல்லை. 1962 பிப்ரவரி 20ஆம் நாள் கேத்தரின் ஜான்சன் சரிபார்த்த கணக்கை நம்பி ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவந்தபோதும் அப்பள்ளிகள் பூட்டியே கிடந்தன. எந்த விஞ்ஞானக் கதையாசிரியரும் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

இந்நூலின்மீதும் ஒரு குறை. மேதைகளின் வரலாறாக இருப்பதால், ஒரே மேசையில் உண்பதற்கு ஒருவர் மேதையாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் படிப்போர் உள்ளத்தில் தங்கிவிடக்கூடும். அதே உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவியவரைப் பற்றியும் ஒரு நூல் வேண்டும்.

இந்நூல்கள் அனைத்தும் நூலகத்தில் வாசலை ஒட்டிய அடுக்கில் வைக்கப்பட்டுள்ளன. பட்லரின் நாவலுக்கு இரண்டு படிகள் உள்ளன. சகோதரிகள் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துள்ளோம். வரும் ஞாயிறு முதல் அவரே 1993இல் எழுதிய 'விதைப்பவனின் உவமை' என்னும் நாவலைத் தொடங்குகிறோம். அதன் கதை 2024ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. அவர் எண்ணிய எதிர்காலம் நமக்குக் கடந்த காலமாகிவிட்டது. எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று பார்க்க விரும்புவோர் மாலை ஐந்து மணிக்கு வரவும்.